அனுப்பப்பட்ட சிறுவன்

நம் ஆண்டவர் எழுபத்திரண்டு சீடர்களைத் தேர்ந்து, தாம் செல்லவிருந்த ஊர்களுக்கு அவர்களை இருவர் இருவராக முன்னே அனுப்பினார் என்று லூக்கா நற்செய்தியில் வாசிக்கிறோம். பணப்பையும் பயணப்பையும் இன்றிப் புறப்படவும், ஏற்றுக்கொள்ளும் வீட்டில் தங்கி அங்குக் கிடைப்பதை உண்ணவும் அவர்கள் பணிக்கப்பட்டனர். குருமடத்தில் இப்பகுதியைக் கற்ற நாட்களில் அனுப்புகிறவரைப் பற்றியும் அனுப்பப்படுகிறவரைப் பற்றியும் நிரம்பச் சிந்தித்தோம். கதவைத் திறந்து அவர்களை உள்ளே அழைக்கிறவரைப் பற்றி அவ்வளவாகச் சிந்திக்கவில்லை. அந்தக் குறையை நமக்கு உணர்த்தியவர்கள் நம் திருச்சபையைச் சேராத இரு இளைஞர்கள்.

2004ஆம் ஆண்டின் கோடைக்காலம். நகரப் பங்கு ஒன்றில் உதவிப் பங்குத்தந்தையாக நாம் பணியாற்றிக்கொண்டிருந்தோம். ஒருநாள் நண்பகல் வெயிலில் பங்கு இல்லத்தின் வாயிற்படியில் இருவர் வந்து நின்றனர். வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டை, சட்டைப் பையின்மேல் கறுப்பு நிறப் பெயர்ப்பட்டை. இருவருக்கும் இருபது வயதுக்குமேல் இராது. ஒருவர் தமிழர், மற்றவர் ஆந்திர நாட்டவர். தாங்கள் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்த மறைபரப்பாளர்கள் என்று அறிமுகம் செய்துகொண்டனர். காபி அருந்துகிறீர்களா என்று ஒப்புக்குக் கேட்டோம். காபியும் தேநீரும் தங்களுக்கு விலக்கு என்று கூறி, குடிக்கத் தண்ணீர் மட்டும் கேட்டனர். அதையும் நாம் செருக்கு என்றே எடுத்துக்கொண்டோம். நின்றபடியே தண்ணீர் கொடுத்து, "இது கத்தோலிக்கப் பங்கு, உங்களுக்கு இங்கே வேலை இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அவர்களின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியபோது, சமையல் வேலை பார்த்துவந்த வயதான அம்மா, "சாமி, பிள்ளைங்க முகம் வாடி நின்னுதே, ரெண்டு வாய் சாப்பிடச் சொல்லியிருக்கலாமே" என்றார். நாம் மறுமொழி கூறவில்லை.

அந்த அம்மாவின் சொல் நெடுநாள் நம் உள்ளத்தை உறுத்திக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளைகள் யார், எவ்வாறு வாழ்கிறார்கள் என்று அறிய விழைந்து அவர்களது வரலாற்றைப் படித்தோம். அங்கே பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவனைச் சந்தித்தோம். அவனது வரலாற்றையே இங்கு வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

யார் இவர்கள்?

1830 ஏப்ரல் 6 அன்று, அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து ஃபயெட் என்னும் சிற்றூரில் ஜோசப் ஸ்மித் என்பவர் இச்சபையை நிறுவினார். அதே ஆண்டில் அவர் வெளியிட்ட 'மார்மன் நூல்' விவிலியத்தோடு சேர்த்து அவர்களுக்குத் திருநூலாயிற்று. அந்நூலின் பெயராலேயே பிறர் அவர்களை மார்மன்கள் என்று அழைத்தனர். 2018இல் அவர்களின் தலைவர் இப்பெயரைத் தவிர்த்துச் சபையின் முழுப்பெயரை வழங்குமாறு கேட்டுக்கொண்டார். வாசகர்களுக்குப் பழகிய பெயர் என்பதால் மட்டுமே ஈண்டு அதனைக் கையாளுகிறோம்.

புதிய சபைக்கு எதிர்ப்பு பெரிதாக இருந்தது. மிசூரி மாநிலத்திலிருந்து விரட்டப்பட்டு, இல்லினாய் மாநிலத்தில் நாவூ என்னும் நகரை அமைத்தனர். 1844 சூன் 27 அன்று கார்த்தேஜ் ஊர்ச் சிறையில் ஜோசப் ஸ்மித்தையும் அவருடைய அண்ணன் ஹைரம் ஸ்மித்தையும் ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. எஞ்சியோர் பிரிகாம் யங் தலைமையில் மேற்கு நோக்கி நடந்து, 1847இல் உப்பேரிப் பள்ளத்தாக்கை அடைந்து அங்கே குடியேறினர். இன்றைய யூட்டா மாநிலம் அது.

ஒரு வாரத்தின் ஒழுங்கு

நம் வாயிலில் நின்ற இளைஞர்களின் வாரம் எத்தகையது? திங்கட்கிழமை பொதுவாக ஆயத்த நாள். துணி துவைத்தல், முடி திருத்துதல், கடைக்குச் செல்லுதல், வீட்டுக்கு எழுதுதல் ஆகியன அன்றைக்கு உரியவை. 2019 பிப்ரவரி வரை பெற்றோரோடு தொலைபேசியில் பேச ஆண்டில் ஓரிரு நாட்களே அனுமதி இருந்தது. கிறிஸ்து பிறப்பு விழாவும் அன்னையர் நாளும் அவை. அதன்பின் வாரந்தோறும் பேசலாம் என்று தளர்த்தினர். ஏனைய நாட்களில் காலை 6.30 மணி அளவில் எழுந்து, செபித்து, திருநூலும் மொழியும் கற்று, பின்பு தெருக்களுக்கும் வீடுகளுக்கும் செல்கின்றனர். இரவு 10.30 மணி அளவில் உறங்கச் செல்கின்றனர். ஞாயிறன்று அப்பமும் தண்ணீரும் பகிரும் வழிபாடு. மாதத்தின் ஞாயிறு ஒன்றில் இருவேளை உணவைத் தவிர்த்து, அதற்குரிய பணத்தை ஏழைகளுக்கென அளிப்பது அச்சபையார் அனைவருக்கும் உள்ள வழக்கம்.

எந்நேரமும் துணைவர் உடனிருக்க வேண்டும். தனித்துச் செல்லுதல் ஆகாது. ஆண்களுக்கு இரண்டு ஆண்டுகள், பெண்களுக்குப் பதினெட்டு மாதங்கள் என்பது பணிக்காலம். ஊதியம் கிடையாது, இயன்றவரை தாமோ தம் குடும்பத்தாரோ செலவை ஏற்கின்றனர். 2012இல் ஆண்கள் 18 வயதிலும் பெண்கள் 19 வயதிலும் புறப்படலாம் என்று விதி தளர்ந்தபின், செல்வோர் தொகை பெருகியது. இன்று உலகெங்கும் 70,000க்கும் மேற்பட்டோர் இவ்வாறு பணிபுரிகின்றனர். ஆண்களுக்கு 'மூப்பர்' என்று பட்டம். மீசை சரியாக அரும்பாத பிள்ளைகளை மூப்பர் என்று அழைப்பதைக் கேட்டுப் புன்னகை செய்யத் தோன்றலாம். ஆயினும் அந்த வயதில் நம் பிள்ளைகளிடம் நாம் எதை எதிர்பார்க்கிறோம் என்று எண்ணினால் அப்புன்னகை நிலைப்பதில்லை.

சென்னைக்கும் வந்தனர்

தொடக்கத்தில் இத்தகைய இளைஞர் படை இல்லை. மனைவி மக்களோடு வாழ்ந்த குடியானவரும் கைவினைஞருமே பெரும்பாலும் அனுப்பப்பட்டனர். 1852 ஆகஸ்டு மாத இறுதியில் உப்பேரி நகரில் ஒரு சிறப்புக் கூட்டம் நடந்தது. அதில் நூற்றுக்கு மேற்பட்டோரின் பெயர்கள் வாசிக்கப்பட்டு, உலகின் பல நாடுகளுக்கு அவர்கள் பணிக்கப்பட்டனர். அவர்களுள் ஒரு குழுவினர் 1853இல் கல்கத்தாவை அடைந்தனர். அதிலிருந்து ரிச்சர்ட் பாலன்டைன் என்பவர் தம் தோழர்களுடன் அதே ஆண்டு சூலை மாதம் சென்னைக்கு வந்தார். உப்பேரி நகரில் ஞாயிறு மறைக்கல்விப் பள்ளியை முதன்முதலாகத் தொடங்கியவர் இவரே. சென்னையில் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவோரிடையே போதித்தார். துண்டு நூல்களை அச்சிட்டு வழங்கினார். திருமுழுக்குப் பெற்றோர் மிகச் சிலரே. 1854இல் அவர் திரும்பிச் சென்றார்.

அவரது உழைப்பில் குறையில்லை. ஆனால் இந்நாட்டு மக்களின் வீட்டுத் திண்ணையில் அமரும் வாய்ப்பு அவருக்கு அமையவில்லை. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி அடிகளாரும், அவருக்குப்பின் வீரமாமுனிவரும் தமிழ் மக்களின் மொழியை உயிராகப் பற்றிக்கொண்டதை அறிந்த நமக்கு, இவ்வேறுபாடு விளங்காமல் போகாது. பாலன்டைன் சென்னையிலிருந்து புறப்பட்ட அதே 1854இல், பசிபிக் பெருங்கடலின் நடுவே வேறொரு மறைபரப்பாளர் கரையிறங்கினார். அவருக்கு வயது பதினைந்து.

கைம்பெண்ணின் மகன்

கார்த்தேஜ் சிறையில் கொல்லப்பட்ட ஹைரம் ஸ்மித்துக்கு ஒரு மகன் இருந்தான். அவன் பெயர் ஜோசப் எஃப். ஸ்மித். 1838 நவம்பர் 13 அன்று மிசூரியில் அவன் பிறந்தபோது தந்தை கைதியாக இருந்தார். தந்தை கொல்லப்பட்டபோது அவனுக்கு ஐந்து வயது. தாய் மேரி ஃபீல்டிங் இங்கிலாந்து நாட்டவர். மன உறுதி மிக்கவர். 1848இல் அவர் தம் குடும்பத்தோடு புல்வெளிகளைக் கடந்து மேற்கே சென்றபோது, ஒன்பது வயதுச் சிறுவனான ஜோசப்பும் மாட்டு வண்டி ஓட்டினான். 1852இல் தாயும் இறந்தார். பதின்மூன்று வயதில் அவன் அநாதையானான்.

அதன்பின் அவன் முரட்டுச் சிறுவனாக வளர்ந்ததில் வியப்பில்லை. பள்ளியில் ஆசிரியர் ஒருவர் தன் தங்கையை அடிக்க வார் எடுத்தபோது, அவன் குறுக்கே பாய்ந்து ஆசிரியரையே தாக்கிவிட்டான். பள்ளிப் படிப்பு அத்தோடு முடிந்தது. இதனைப் பிற்காலத்தில் அவரே தம் நண்பரிடம் கூறியிருக்கிறார். 1854 ஏப்ரல் மாதம் நடந்த சபை மாநாட்டில் ஹவாய் தீவுகளுக்குச் செல்வோர் பட்டியலில் அவன் பெயரும் வாசிக்கப்பட்டது. அக்காலத்தில் சான்ட்விச் தீவுகள் என்றும் வழங்கிய அவை தனி மன்னராட்சி நாடாக இருந்தன. கலிஃபோர்னியா வரை தரை வழியே சென்று, கப்பல் கட்டணத்துக்காக அங்கே கூலி வேலை செய்து, 1854 செப்டம்பர் 27 அன்று ஜோசப் ஹொனலூலு துறைமுகத்தில் இறங்கினான்.

மாவுய் தீவில் ஒரு தாய்

அவனுக்கு நான்கு ஆண்டுகள் முன்னரே, 1850 திசம்பரில், மார்மன் மறைபரப்பாளர் பத்துப் பேர் அங்கு வந்திருந்தனர். அங்கிருந்த வெள்ளையரிடையே போதிக்க முனைந்து பயன் காணாமல் சிலர் திரும்பிவிட்டனர். ஜார்ஜ் கேனன் என்னும் இளைஞரோ மக்களின் மொழியைக் கற்றே தீர்வது என்று நின்றார். மாவுய் தீவின் வைலுக்கு ஊரில் நீதிபதியாக இருந்த ஜோனத்தன் நாப்பெலா என்னும் ஹவாய்ப் பெருமகன் அவருக்கு நண்பரானார். 1852இல் அச்சபையில் திருமுழுக்கும் பெற்றார். மார்மன் நூலை ஹவாய் மொழியில் பெயர்க்கக் கேனனுக்குத் துணை நின்றவர் இவரே. புதிதாக வந்த மறைபரப்பாளர்களுக்குத் தம் இல்லத்தில் மொழி கற்பித்தவரும் இவரே. நாப்பெலாவின் பெயரை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

சிறுவன் ஜோசப் அதே மாவுய் தீவில், எரிமலைச் சரிவிலுள்ள குலா என்னும் பகுதிக்கு அனுப்பப்பட்டான். சென்ற சில நாட்களிலேயே கடும் காய்ச்சலில் விழுந்தான். மொழி தெரியாத ஊர், தாயில்லாப் பிள்ளை. அவ்வூர்ப் பெண் ஒருவர் அவனைத் தம் வீட்டில் கிடத்தித் தம் மகனைப் போலப் பேணினார். மா மாஹூஹீ என்பது அவர் பெயர். அவன் உடல் தேறி எழுந்தான்; ஏறத்தாழ நூறு நாட்களில் ஹவாய் மொழியில் பேசவும் செபிக்கவும் கற்றுக்கொண்டான். கற்றுத்தர வந்தவன் முதலில் குழந்தையாகப் படுத்துக் கிடந்தான். தாயிடம் குழந்தை மொழி கற்பதைப் போலவே அவனும் கற்றான்.

அவன் 1856, 1857ஆம் ஆண்டுகளில் எழுதிய நாட்குறிப்புகள் எஞ்சியுள்ளன. 2011இல் அவை அச்சிலும் வந்தன. அந்நாளைய மறைபரப்பாளரின் வாரம் எப்படிக் கழிந்தது என்பதை அவற்றில் காணலாம். ஞாயிறன்று கூட்டமும் போதனையும். மறுநாள் அடுத்த சிற்றூருக்கு நடை. தீவு விட்டுத் தீவு செல்லப் படகு. இடையிடையே துணி துவைத்தல், நூல் வாசித்தல், வீட்டுக்குக் கடிதம் எழுதுதல். மறுமொழி வந்து சேர மாதங்கள் ஆகும். சேப்பங்கிழங்கை வேகவைத்து இடித்துப் பிசைந்த 'போயி' என்னும் கூழே அன்றாட உணவு. படுக்கை தரையில் விரித்த பாய். லனாய் தீவில் ஏற்பட்ட தீ விபத்தில் அவனுடைய உடைகளும் நூல்களும் பழைய நாட்குறிப்புகளும் எரிந்துபோயின. எஞ்சிய ஒரே நல்ல உடையை அவனும் துணைவர் ஒருவரும் மாறி மாறி அணிந்து, ஒருவர் கூட்டத்துக்குச் செல்ல மற்றவர் படுக்கையில் இருந்தனர் என்பர்.

அக்குறிப்புகளில் புனிதன் ஒருவனைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். சலிப்பும் சினமும் அவற்றில் உண்டு. தன்னை உணவூட்டி வாழவைத்த மக்களையே இழித்துப் பேசும் வரிகளும் உண்டு. வெள்ளையர் என்ற மமதை பதினேழு வயதுப் பிள்ளையையும் விடவில்லை. ஆயினும் அவன் ஓடிப்போகவில்லை. வறுமையில் தன்னை இழிந்தவனாக எண்ணி வருந்திய நாளில் ஒரு கனவு கண்டதாக முதுமையில் அவர் கூறினார். கனவில் நெடும்பயணம் ஒன்றில் விரைகிறார். வழியில் நின்று நீராடித் தூய ஆடை உடுத்துகிறார். பெரிய மாளிகை ஒன்றின் வாயிலில் மறைந்த தம் பெரியோர் காத்திருக்கின்றனர். காலம் தாழ்த்தினாய் என்று கேட்கிறார்கள். ஆம், ஆனால் தூய்மையாக வந்திருக்கிறேன் என்கிறார். அந்தக் கனவே தம்மை ஆளாக்கியது என்று அவர் நம்பினார். 1857இல் யூட்டாவுக்குத் திரும்ப அழைக்கப்பட்டபோது அவருக்கு வயது பதினெட்டு.

தொழுநோயாளர் தீபகற்பம்

ஹவாய் என்றதும் கத்தோலிக்கராகிய நம் நினைவுக்கு வருபவர் புனித தமியான். பெல்சியம் நாட்டவரான அவர் 1864இல் ஹொனலூலுவில் குருவானார். 1873 மே 10 அன்று மொலோக்காய் தீவின் கலாவுப்பாப்பா தீபகற்பத்தில் தொழுநோயாளரிடையே குடியேறினார். தாமும் அந்நோய்க்கு ஆளாகி 1889 ஏப்ரல் 15 அன்று இறந்தார். 2009இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அவரைப் புனிதராக அறிவித்தார். இவையெல்லாம் நம் மறைக்கல்வி மாணவர்களும் அறிந்தவை.

அதே 1873இல் அங்கே மற்றொருவர் வந்து தங்கினார் என்பதை நம்மில் பலர் அறியோம். நாம் நினைவில் இருத்தச் சொன்ன நாப்பெலாவே அவர். அவருடைய மனைவி கிட்டிக்குத் தொழுநோய் கண்டது. சட்டப்படி அவரைக் கலாவுப்பாப்பாவுக்கு அனுப்பினர். நாப்பெலாவுக்கு அன்று நோய் இல்லை. மனைவியைத் தனியே விட மனமின்றி, அவருக்கு உதவியாளராகத் தாமும் உடன் சென்றார். சிலகாலம் குடியிருப்பின் மேற்பார்வையாளராகவும், அங்கிருந்த மார்மன் மக்களின் தலைவராகவும் இருந்தார். தமியான் அடிகளாரும் அவரும் தத்தம் மக்களைத் தத்தம் முறைப்படி வழிநடத்தியவாறே நண்பர்களாகப் பழகினர். நாப்பெலாவையும் நோய் பற்றியது. 1879இல் கணவனும் மனைவியும் அடுத்தடுத்து அங்கேயே இறந்தனர். மறைபரப்பாளர்களுக்கு மொழி தந்த அந்த இல்லறத்தார், அங்கே தம் இறுதி மறைபணியை நிறைவேற்றினார் எனலாம்.

நாம் கற்க வேண்டியது

இவற்றைக் கூறுவதால் கொள்கை வேறுபாடுகளைப் பூசி மெழுகுகிறோம் என்று எவரும் எண்ணவேண்டாம். தந்தை, மகன், தூய ஆவியார் ஒரே கடவுள் என்னும் நம் விசுவாசத்தை அச்சபையார் நாம் அறிக்கையிடும் பொருளில் ஏற்பதில்லை. இதனாலேயே அவர்கள் அளிக்கும் திருமுழுக்கு செல்லாது என்று விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2001 சூன் 5 அன்று மறுமொழி அளித்தது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அதற்கு இசைவளித்தார். அவர்களிடையே முன்பு நிலவிய பலதார மணமும் வரலாற்று உண்மையே. 1890இல் அதனைக் கைவிடுவதாக அவர்களின் தலைமை அறிவித்தது. நம் கதையின் நாயகரும் பல மனைவியரை மணந்தவரே. இதற்காக 1906இல் நீதிமன்றத்தில் தண்டத்தொகை செலுத்தியவரே.

இத்தனையும் அறிந்தபின்னும் ஒரு கேள்வி நம்மை விடுவதாயில்லை. அவர்களிடையே வீட்டுக்கு வீடு செல்வோர் குருமடத்தில் பயின்றவர் அல்லர். சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகள். பொதுநிலையினரின் திருத்தூதுப்பணி அவர்களுடைய திருமுழுக்கிலிருந்தே பிறக்கிறது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் தனி ஏடு ஒன்றையே வழங்கியது. அதனை நாம் மறையுரைகளில் விளக்குகிறோம். ஆனால் நோயுற்றவரைக் காணச் செல்வதைக்கூடச் 'சாமியார் வேலை' என்று விட்டுவிடுகிறோம். சாமியாரும் நேரமில்லை என்று தள்ளிப்போடுகிறார்.

இதனை ஊகமாகச் சொல்லவில்லை. அந்த இளைஞர்கள் வந்துபோன சில ஆண்டுகளில் நம் பங்குக் குடும்பம் ஒன்று திருப்பலிக்கு வருவதை நிறுத்தியது. வேறொரு சபையில் சேர்ந்துவிட்டதாக அறிந்து, விளக்கம் கேட்கச் சென்றோம். வீட்டுத் தலைவி மரியாதையோடு நாற்காலி போட்டு அமரச் செய்தார். பின்பு, "வீட்டுக்காரர் மூணு மாசம் படுத்த படுக்கையா கெடந்தப்போ அவங்கதான் சாமி வந்து பார்த்தாங்க" என்றார். விளக்கம் கேட்கப் போன நம்மிடம் விளக்கம் ஏதும் இல்லை. திருஅவைக் கொள்கைகளை ஐயமற எடுத்துரைக்க நம்மால் முடியும். ஆனால் அந்த வீட்டில் அன்று கேட்கப்பட்டது கொள்கை அன்று.

ஜோசப் எஃப். ஸ்மித் 1901இல் தம் சபைக்குத் தலைவரானார். 1918இல் இறக்கும்வரை அப்பொறுப்பில் இருந்தார். தலைவராக அவர் ஹவாய் சென்ற ஒருமுறை, துறைமுகத்தில் மக்கள் மாலைகளோடு திரண்டு வரவேற்றதை உடன் சென்ற நண்பர் எழுதிவைத்துள்ளார். அப்போது பார்வை இழந்த மூதாட்டி ஒருவர், கையில் நல்ல வாழைப்பழங்களோடு, 'யோசேப்பா' என்று அவர் பெயரை ஹவாய் ஒலிப்பில் அழைத்தவாறு கூட்டத்தினூடே வந்தார். அதைக் கேட்ட தலைவர் பாய்ந்து சென்று அவரை அணைத்து, அம்மா அம்மா என்று அழுதார். பின்பு நண்பரை நோக்கி, சிறுவனாக நோயுற்றுக் கிடந்தபோது தம்மைப் பேணியவர் இவரே என்றார். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன் தம் வீட்டில் படுத்துக் கிடந்த பிள்ளைக்கு அந்தத் தாய் பழம் கொண்டுவந்திருந்தார்.

அந்த மூதாட்டி எத்தனை மறைபரப்பாளரின் போதனையைக் கேட்டாரோ, நாம் அறியோம். ஆனால் ஆண்டவர் தம் சீடர்களை அனுப்பியபோது எத்தகைய வீட்டை மனத்தில் கொண்டிருந்தாரோ, அத்தகைய வீடு அவருடையது. நம் பங்கு இல்லத்தில் சமைத்த அம்மாவின் உள்ளமும் அத்தகையதே. அவர் இறந்து ஆண்டுகள் பல ஆகின்றன. அந்த இரு இளைஞர்களும் இன்று மனைவி மக்களோடு எங்கோ வாழ்ந்துகொண்டிருப்பர். நண்பகல் வேளையில் நம் வாயிலில் எவர் வந்து நின்றாலும் இப்போது நாம் முதலில் பெயரைக் கேட்கிறோம். பிறகு, சாப்பிட்டாயிற்றா என்று கேட்கிறோம். வாசகர்களாகிய நீங்களும் இந்த வாரத்தில் ஒருநாள், உங்கள் தெருவில் நோயுற்றிருப்பவர் ஒருவரின் வீட்டுக்கு, உங்கள் பிள்ளைகளுள் ஒருவரையும் துணைக்கு அழைத்துக்கொண்டு, இருவராகச் சென்று வாருங்கள்.